புளோரன்ஸில் ஒரு பகல்: உஃபிசியா, குவிமாடமா, குன்றுவரை நடையா?

இத்தாலிக்குப் படிக்க வரும் நம் மாணவர்கள் பெரும்பாலும் மிலான், தூரின், பொலோன்யா, பாதுவா, ரோம் ஆகிய ஊர்களில்தான் தங்குகிறார்கள். தேர்வு முடிந்து ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் உடனே நினைவுக்கு வரும் ஊர் புளோரன்ஸ். பொலோன்யாவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம், ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரம், பீசாவிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம். இரவு தங்கினால் அறை வாடகையோடு நகராட்சி வரியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே காலையில் வந்து இரவில் திரும்புவதே மாணவர்களின் கைக்கு எட்டும் வழி. அப்படி வருபவருக்கு மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அதை எதற்குக் கொடுப்பது?

நண்பர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் மூன்று வழிகளைச் சொல்வேன். முதலாவது, உஃபிசி, அக்கதேமியா ஆகிய இரு பெரிய அருங்காட்சியகங்களுக்கும் பகலைக் கொடுத்துவிடுவது. இரண்டாவது, பேராலயத்தையும் அதன் குவிமாடத்தையும் நடுவில் வைத்து நாளை அமைப்பது. மூன்றாவது, ஒரே ஒரு சிறிய டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு ஊரின் வடக்கிலிருந்து தெற்கே ஆற்றைக் கடந்து குன்றுவரை நடப்பது. நான் மூன்றாவது பக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

நடந்தே பார்க்க முடியுமா என்ற கவலை வேண்டாம். ஸான்டா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து பேராலயம் பத்து, பன்னிரண்டு நிமிட நடை. அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இன்னொரு பத்து நிமிடம். பழைய ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். கல் பாவிய தெருக்கள் என்பதால் மெல்லிய அடிப்பாகம் கொண்ட செருப்பு மட்டும் உதவாது.

உஃபிசியில் தொடங்குவோம். அன்று புளோரன்ஸை ஆண்ட கோசிமோ பிரபுவின் அரசு அலுவலகங்களுக்காக, ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி 1560இல் கட்டத் தொடங்கிய கட்டடம் இது. இன்று போத்திச்செல்லியின் வீனஸ் முதல் கரவாஜோவின் மெதூசாவரை இதற்குள்தான் இருக்கின்றன. ஓவியம் படிப்பவர்கள் தவறவிடக் கூடாத அறை ஒன்று உண்டு. சிமபுவே, தூச்சோ, ஜோத்தோ மூவரும் வரைந்த மாபெரும் மாதா படங்கள் மூன்றும் ஒரே அறையில் நிற்கின்றன. சில பத்தாண்டு இடைவெளிக்குள் வரையப்பட்டவை. சிமபுவேயின் மாதா தங்கப் பின்னணியில் மிதக்கிறாள். ஜோத்தோவின் மாதாவுக்கோ உடல் எடை இருக்கிறது, உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஐரோப்பிய ஓவியம் எங்கே திரும்பியது என்பதை நாலடி நடந்து புரிந்துகொள்ளக்கூடிய இடம் அது.

ஆனாலும் ஒரே நாளுக்கு வருபவருக்கு உஃபிசியை நான் தயங்கித்தான் சொல்வேன். பாதுகாப்புச் சோதனை, பை வைக்கும் இடம், வரிசை எல்லாம் கழித்து உள்ளே மூன்று மணி நேரமாவது வேண்டும். அதன்மேல் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைக்காக அக்கதேமியாவையும் சேர்த்தால் பகல் முழுவதும் கூரைக்குக் கீழேயே போய்விடும். கண்ணும் ஓரளவுக்குத்தான் தாங்கும். மதியத்துக்குப் பிறகு மாதா படங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தவிர, அந்த மூன்று மாதாக்களும் இதே ஊரின் கோயில்களுக்காகச் செய்யப்பட்டு, பிறகு இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் இருந்த கோயில்கள் இன்னும் பத்து நிமிட நடையில் நிற்கின்றன. படத்தையும் அதன் இடத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பணக்கணக்கும் இருக்கிறது. உஃபிசியின் முழுக் கட்டணம் 25 யூரோ. முன்பதிவுக்கு மேலும் 4 யூரோ. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ள 18 முதல் 25 வயதினருக்கு வெறும் 2 யூரோ. அதாவது, பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ வளர்ந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு படிக்க வந்தவர்களுக்கு மாணவர் அட்டை மட்டும் போதாது. கட்டடக்கலை, கலை வரலாறு போன்ற சில துறைகளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. சேர்க்கைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் இலவச நுழைவு. கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். ஆனால் அன்று உஃபிசி வரிசையில் நிற்பது பாதிப் பகலை விழுங்கிவிடும். அந்த ஞாயிறுதான் உங்களுக்கு வாய்த்தது என்றால் பார்ஜெல்லோ என்னும் சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரு காலத்தில் சிறையாக இருந்த கட்டடம். கூட்டம் குறைவு. தொனாத்தெல்லோவின் வெண்கலத் தாவீது அங்கே இருக்கிறான். அதைவிட எனக்குப் பிடித்தவை பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும் இரண்டு சிறிய வெண்கலப் பலகைகள். 1401இல், பேராலயத்துக்கு எதிரே ஞானஸ்நானம் கொடுப்பதற்கென இருக்கும் திருமுழுக்காலயத்தின் கதவுகளைச் செய்ய நடந்த போட்டிக்காக கிபெர்த்தியும் புரூனெல்லெஸ்கியும் செய்து கொடுத்தவை. இரண்டிலும் ஒரே காட்சி: ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்குகிறார். புரூனெல்லெஸ்கியின் பலகையில் வானதூதர் பாய்ந்து வந்து ஆபிரகாமின் கையையே பிடித்துவிடுகிறார், அவ்வளவு வேகம். கிபெர்த்தியின் பலகை அமைதியானது, பெரும்பாலும் ஒரே வார்ப்பு, வெண்கலச் செலவும் குறைவு. வேலை கிபெர்த்திக்குப் போனது. புரூனெல்லெஸ்கி கட்டடக்கலைப் பக்கம் திரும்பினார்.

அப்படித் திரும்பியவர் கட்டியதுதான் இரண்டாவது வழியின் மையம். பேராலயத்தை 1296இல் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நடுவில் இருக்கும் எண்கோணத் திறப்பை எப்படி மூடுவது என்பது நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு அகலத்துக்குக் கீழிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுக்க முடியாது. 1420இல் வேலையைத் தொடங்கிய புரூனெல்லெஸ்கி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாகக் குவிமாடத்தை எழுப்பினார். செங்கற்களை மீன்முள் போல மாற்றி மாற்றிச் செருகியதால், மேலே சாய்ந்துகொண்டே போகும் சுவரில் ஈரக்காரையோடு இருக்கும் கற்கள் சரியாமல் நின்றன. முழுச் சாரம் இல்லாமலே 1436இல் முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் உலகின் மிகப் பெரிய செங்கல் குவிமாடம் இதுதான்.

ஏறும் பாதை அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் போகிறது. 463 படிகள், லிஃப்ட் கிடையாது. பாதி உயரத்தில் உள்விளிம்பில் ஒரு நடைமேடை வரும். தலைக்கு மேலே வசாரியும் சுக்காரியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். அதற்கு மேலே படிகள் குறுகி, உள் ஓட்டின் வளைவை ஒட்டியே போகின்றன. சுவர் தோளோடு சாய்ந்து வரும். கையை நீட்டினால் செங்கல். கட்டுமானப் பொறியியல் படிக்கும் மாணவர் யாராவது என்னிடம் கேட்டால் வேறு யோசனையே வேண்டாம், இதற்கே போங்கள் என்பேன். பாடப்புத்தகத்தில் குறுக்குவெட்டுப் படமாகப் பார்த்ததற்குள்ளேயே நடந்துபோகும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

மற்றவர்களுக்கு இதில் சில இடைஞ்சல்கள் உண்டு. குவிமாடத்துக்கு நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். குறித்த நேரம் தவறினால் ஏற விடமாட்டார்கள். ரயில் தாமதமானால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே காலை 11 மணிக்கு முந்தைய நேரத்தை எடுக்க வேண்டாம். டிக்கெட் ஏறத்தாழ 30 யூரோ. அதில் மணிக்கோபுரம், திருமுழுக்காலயம், பேராலய அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம், மூன்று நாள் செல்லும். ஒரே நாளில் திரும்புபவர் அதில் பாதியைப் பயன்படுத்தாமலே போவார். மூட்டுவலி, மூச்சுத்திணறல், குறுகிய இடத்தில் பயம் உள்ளவர்களுக்கு இந்தப் படிகள் ஒத்துவராது. நடுவில் திரும்பிவிடவும் வழியில்லை.

உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், ஜோத்தோ 1334இல் தொடங்கிய மணிக்கோபுரம் குவிமாடத்தைவிடச் சிறந்தது என்பது என் எண்ணம். 414 படிகள், ஆனால் இடையிடையே விசாலமான தளங்கள் இருப்பதால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறலாம். உச்சியில் கம்பிவலை போட்டிருப்பது படம் எடுப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். குவிமாடம் கைக்கெட்டும் தொலைவில் நிற்பதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். பேராலயத்தின் உள்ளே நுழைவதற்குக் கட்டணம் இல்லை. வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெளியே பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பளிங்கில் காணும் அழகு உள்ளே இல்லை. வரிசையில் நிற்கும் நேரத்தில் வெளிப்புறத்தை முழுவதும் சுற்றி வந்துவிடலாம்.

இனி நான் பரிந்துரைக்கும் நடை. இதில் ஒரே கட்டணம் ஸான் மார்கோ மடத்துக்கு மட்டும். உஃபிசியோடு ஒப்பிட்டால் டிக்கெட் விலை மிகக் குறைவு, கூட்டமும் அப்படியே. காலையில் திறந்து மதியம் இரண்டு மணிக்கு முன்பே மூடிவிடுவார்கள், சில ஞாயிறு, திங்கள்களில் விடுமுறையும் உண்டு. ஆகவே முதல் வேலையாக அங்கே போய்விட வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை.

தொமினிக்கன் துறவிகள் வாழ்ந்த மடம் இது. ஊரில் செல்வாக்கு மிக்க மெதிச்சி என்னும் வங்கிக் குடும்பத்தின் மூத்த கோசிமோ பணம் கொடுக்க, மிக்கெலொத்சோ புதுப்பித்துக் கட்டினார். அங்கேயே துறவியாக இருந்த ஃபிரா ஆஞ்சலிகோ 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறை அறையாகச் சுவரோவியம் தீட்டினார். மாடிப்படி திரும்பும் இடத்தில் தலையை நிமிர்த்தினால் மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது இயேசு பிறக்கப்போவதை வானதூதர் கபிரியேல் மரியாவுக்கு அறிவிக்கும் காட்சி, எதிரே நிற்கிறது. கபிரியேலும் மரியாவும் ஒரு எளிய தாழ்வாரத்தில் இருக்கிறார்கள். மரியா முக்காலியில் அமர்ந்திருக்கிறாள், கைகளை மார்பில் குறுக்காக வைத்திருக்கிறாள். பின்னால் வெற்றுச் சுவரும் கம்பிபோட்ட சிறிய சன்னலும். தங்கம் இல்லை, பட்டு இல்லை. தூதரின் சிறகில் மட்டும் வண்ணப்பட்டைகள். ஓவியத்தில் இருக்கும் தூண்கள் அந்த மடத்தின் தூண்களைப் போலவே இருக்கின்றன. படத்துக்கடியில் லத்தீனில் ஒரு வரி: இந்தக் கன்னியின் உருவத்தைக் கடக்கும்போது வாழ்த்துச் சொல்லாமல் போய்விடாதே. நாள்தோறும் தூங்கப் போகும் துறவி அந்தப் படியில் ஏறும்போது படிக்க வேண்டிய வரி அது. நாமும் அதே படியில் ஏறி வந்துதான் படிக்கிறோம். இதை எந்தக் கூடத்துக்குக் கொண்டுபோய் மாட்டினாலும் பாதி போய்விடும்.

நடைபாதையின் இருபுறமும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறிய அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சன்னல், ஒரு ஓவியம். அவ்வளவுதான். கோசிமோ தனக்கென வைத்துக்கொண்ட இரட்டை அறையும் உண்டு. நடைபாதை ஒன்றின் கடைசியில் சவொனரோலாவின் அறைகள். ஆடம்பரத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்து ஊரையே ஆட்டிவைத்த இந்த மடத்தலைவரை 1498இல் இந்த மடத்திலிருந்துதான் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் அவரை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

மடத்திலிருந்து வெளியே வந்து ஸான்டிஸிமா அனுன்சியாத்தா சதுக்கத்துக்குத் திரும்புங்கள். சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் 1419இல் புரூனெல்லெஸ்கி வடிவமைத்த அனாதைக் குழந்தைகள் இல்லம். வளைவுகளுக்கு நடுவே நீல வட்டங்களில் துணியில் சுற்றிய குழந்தைகள், ஆந்திரேயா தெல்லா ரொபியாவின் சுடுமண் வேலை. தாழ்வாரத்தின் படிகளில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க யாரும் தடை சொல்வதில்லை. அங்கிருந்து செர்வி தெரு நேராகத் தெற்கே போகிறது. அதன் முடிவில் குவிமாடம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காலடிக்குக் காலடி அது பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்க்க, ரயில் நிலையத்திலிருந்து நேராகப் பேராலயத்துக்குப் போவதைவிட இந்தச் சுற்றுவழி மேல்.

பேராலயத்தைப் பின்பக்கமாகச் சுற்றி வாருங்கள். தரையில் வட்டமான வெள்ளைப் பளிங்குக்கல் ஒன்று பதிந்திருக்கிறது. குவிமாடத்தின் உச்சியில் இருந்த செம்புக் கோளம் இடி விழுந்து உருண்டு வந்து கீழே விழுந்த இடம். பெரும்பாலானவர்கள் அதன்மேலேயே நின்றுகொண்டு மேலே பார்த்துப் படம் எடுக்கிறார்கள்.

அடுத்து சிஞ்ஞோரியா சதுக்கம். அங்கே பலாத்சோ வெக்கியோ என்னும் பழைய அரண்மனையின் வாசலில் நிற்கும் தாவீது 1910இல் வைத்த நகல். மூலச் சிலை 1873இல் அக்கதேமியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. 5.17 மீட்டர் உயரம் கொண்ட மூலத்தின் பளிங்கை அருகில் பார்க்க வேண்டும் என்று ஏங்குபவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் மைக்கலாஞ்சலோவின் சிலையை 1504இல் ஊரார் நிறுத்தியது இந்த அரண்மனை வாசலில்தான். குடியரசின் காவலாக, திறந்த வெளியில், மக்கள் நடமாட்டத்துக்கு நடுவில். நகலே ஆனாலும் அது நிற்கும் இடம் சரியான இடம். பக்கத்து வளைவு மண்டபத்தில் செல்லினியின் பெர்சியுஸ், ஜம்போலோஞ்ஞாவின் பின்னிப் பிணைந்த மூன்று உருவங்கள். இவை மூலச் சிலைகள்தான், அங்கே கட்டணமும் இல்லை. நெப்டியூன் நீரூற்றுக்கு அருகே தரையில் வட்டக் கல் ஒன்று இருக்கும். காலையில் அறையைப் பார்த்தோமே, அந்தச் சவொனரோலாவை 1498 மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்த இடம். ஸான் மார்கோவிலிருந்து இங்கே வர நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடம். அவர் கதையின் தொடக்கமும் முடிவும் அவ்வளவு அருகில் இருக்கின்றன.

அரண்மனை ஓரத்தில் நகராட்சியின் இலவசக் குடிநீர்க் குழாய் இருக்கிறது, பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு நேரி தெரு அருகில்தான். ஸ்கியச்சாத்தா என்னும் எண்ணெய் தடவிய தட்டை ரொட்டியைப் பிளந்து, சைவர்கள் பெகொரினோ பாலாடைக்கட்டியும் தக்காளியும் கத்தரிக்காயும் வைத்துத் தரச் சொல்லலாம். குடல் கறி பிடித்தவர்களுக்கு லம்ப்ரெதொத்தோ: மாட்டின் நான்காம் இரைப்பையைக் குழம்பில் வேகவைத்து, ரொட்டியில் வைத்து, பச்சைச் சட்னி ஊற்றித் தருகிற தள்ளுவண்டி உணவு. எந்த உணவகத்திலும் மேசையில் உட்கார்ந்தால் இருக்கைக் கட்டணம் தனியாக வரும். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் மலிவு. வாங்கியதை அந்தத் தெருவின் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு எதிராக நகராட்சி 2018இல் உத்தரவு போட்டது. ஆற்றங்கரைக்குப் போய்ச் சாப்பிடுவது நல்லது.

சாப்பிடும் முன்போ பின்போ, அதே நேரி தெருவில் ஸான் ரெமிஜோ தெரு பிரியும் மூலையில் நின்று சுவரைப் பாருங்கள். கல்லில் செதுக்கிய ஒரு கை, அலைக்கோட்டைச் சுட்டிக் காட்டுகிறது. 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆற்று வெள்ளம் வந்த உயரம். அதற்கும் மேலே இன்னொரு பலகை: 1966 நவம்பர் 4. அறுநூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அதே தேதியில், இன்னும் உயரமாக வந்திருக்கிறது தண்ணீர். அந்த 1966 வெள்ளத்தில்தான் ஸான்டா குரோச்சே கோயிலில் இருந்த சிமபுவேயின் சிலுவை ஓவியம் பெரும்பகுதி உதிர்ந்துபோனது. தெருவில் நிற்கும் நம் தலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் அந்தக் கோடு இருக்கிறது என்று கழுத்தை வளைத்துப் பார்க்கும்போதுதான் அந்த வெள்ளத்தின் அளவு உறைக்கிறது.

அங்கிருந்து கிராத்சியே பாலம். வலப்புறம் பொந்தே வெக்கியோ என்னும் பழைய பாலம் முழுதாகத் தெரியும். 1345இல் கட்டியது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரின் மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்து, இதை மட்டும் விட்டுவைத்தது. பாலத்தின் மேல் நகைக்கடைகளுக்கு நடுவே நெரிசலில் நிற்பதைவிட, இங்கிருந்து பார்ப்பதையே நான் விரும்புவேன். அக்கரையில் ஸான் நிக்கொலோ பகுதி. ஸான் மினியாத்தோ வாசலைத் தாண்டினால் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே படிக்கட்டு. பாதி வழியில் ரோஜாத் தோட்டம், இலவசம். மேலே மைக்கலாஞ்சலோ மேடை: 1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது பொத்ஜி என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. சூரியன் மறையும் நேரத்தில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. அங்கேயே நின்றுவிடாமல் இன்னும் பத்து நிமிடம் மேலே ஏறுங்கள்.

ஆயிரம் ஆண்டுப் பழமையான ஸான் மினியாத்தோ கோயில் அங்கே இருக்கிறது. 1207இல் பதித்த ராசிச் சக்கரத் தரை, பின்சுவரில் தங்க மொசைக். மாலையில் துறவிகள் நிலவறைப் பகுதியில் கிரெகோரியன் என்னும் பழைய லத்தீன் வழிபாட்டு இசையில் செபம் பாடுவார்கள். பருவத்துக்கேற்ப நேரம் மாறும், அன்றைய நேரத்தை வாசலில் ஒட்டியிருப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். ஓரத்தில் உட்கார்ந்து கேட்கலாம், படம் எடுக்காதீர்கள்.

எப்போது என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன்? விடாமல் மழை பெய்தால் உஃபிசிக்குப் போங்கள், திங்கட்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது. அன்று உஃபிசி, அக்கதேமியா இரண்டுக்கும் விடுமுறை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், அப்போது நேரி தெருவிலிருந்து இரண்டு மணிக்கே குன்றுக்குக் கிளம்பிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. மதியத்தை ஏதாவது ஒரு கோயிலுக்குள் கழித்துவிட்டு ஆறு மணிக்குப் பிறகு படியேறுங்கள். பொறியியல் மாணவருக்கு ஸான் மார்கோவுக்குப் பதில் குவிமாடம். மற்ற நடை அப்படியே இருக்கட்டும். சக்கரப் பெட்டியோடு வருபவர்கள் அதை ரயில் நிலையத்தின் பொருள் காப்பகத்தில் வைத்துவிட வேண்டும். கோயில்களிலும் குவிமாடத்திலும் பெரிய பைகளோடு விடமாட்டார்கள்.

திரும்பும் ரயிலை இரவு எட்டு மணிக்கு முன்னால் பதிவு செய்யாதீர்கள். குன்றிலிருந்து ரயில் நிலையத்துக்கு இறங்கி நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். கால் ஒத்துழைக்காவிட்டால் மேடையிலிருந்து பஸ் இருக்கிறது. சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்திருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாமல் ஏறினால், டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம் கட்ட வேண்டிவரும்.